மரம் காக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: திருநெல்வேலிச் சீமைத் தன்னார்வலர்களுக்காக

தாமிரபரணிக் கரையிலும், அதன் கால்வாய்கள் நிரப்பும் குளங்களிலும், தெற்கே செம்மணல் மேடுகளான தேரிக்காட்டிலும் மரங்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிடும் சிறு குழு நாங்கள். பதிவு எண்ணோ பெயர்ப்பலகையோ கிடையாது. புதிதாகச் சேர வருகிறவர்கள் கேட்பவையும் டீக்கடையில் வம்புக்கு இழுப்பவர்கள் கேட்பவையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் பதில்களை எழுதிவைத்துவிட்டோம். திருநெல்வேலி என்று சொல்லும் இடங்களில் 1986-இல் பிரிந்த தூத்துக்குடியையும் 2019-இல் பிரிந்த தென்காசியையும் சேர்த்தே சொல்கிறோம். சிற்றாறும் கடனாநதியும் வந்து சேராமல் தாமிரபரணி ஏது?

நீங்கள் மரம் நடும் குழுவா?

நடுவதும் உண்டு, ஆனால் அது எங்கள் பட்டியலில் கடைசி வேலை. நிற்கிற மரத்தை நிற்கவைப்பதுதான் முதல் வேலை. நூறு கன்று நட்டுப் படம் எடுக்க ஒரு காலைப்பொழுது போதும். அதே ஊரில் ஒரு கிழட்டு மருதமரத்தின் தூரில் குப்பையைக் குவித்துக் கொளுத்துகிறவரோடு பேசிப் பழகி, அவராகவே அதை நிறுத்தும்படி செய்ய ஆண்டுக்கணக்கில் ஆகும். இதற்கு யாரும் மாலை போடமாட்டார்கள்.

இத்தனை காலம் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. "ஏன் வெட்டுகிறாய்?" என்று கேட்க ஆள் உள்ள மரம் பிழைக்கிறது. அந்த ஆள் மரத்தடியில் சைக்கிள் கடை வைத்திருப்பவராக இருக்கலாம், நிழலில் பூக்கட்டும் பாட்டியாக இருக்கலாம், சாஸ்தாவாகவும் இருக்கலாம். ஒரு மரத்தைப் பற்றித் தகவல் வந்தால் நாங்கள் முதலில் தேடுவது அந்த ஆளைத்தான்.

ஊர்க்காரர்கள் நினைத்து எதையாவது காப்பாற்றியதற்குச் சான்று உண்டா?

இரண்டு ஊர்களைச் சொல்கிறோம். இரண்டையும் நேரில் போய்ப் பாருங்கள்.

முதலாவது திருப்புடைமருதூர். முக்கூடலுக்கு அருகே, ஆற்றங்கரையில் நாறும்பூநாதர் கோயில் இருக்கும் ஊர். கோபுரத்தின் உள்ளே இருக்கும் சுவரோவியங்களையும் மரச்சிற்பங்களையும் பார்க்க வருகிறவர்கள் வெளியே வந்து மேலே அண்ணாந்து பார்க்காமல் போய்விடுகிறார்கள். மருதமும் இலுப்பையுமாக நிற்கும் முதுமரங்களில் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடுகட்டுகின்றன. எச்சம், நாற்றம், இரைச்சல் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு ஊரார் அவற்றை விட்டுவைத்தார்கள். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் செய்த திருத்தம் 'பாதுகாப்புக் காப்பகம்' என்ற புதிய வகையைக் கொண்டுவந்தது. 2005-இல் அந்த வகையில் நாட்டிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்ட இடம் திருப்புடைமருதூர்தான். பரப்பு 3 ஹெக்டேருக்கும் குறைவு. இந்தியாவின் முதல் காப்பகம் ஒரு தோப்பளவு என்பதை, "எங்கள் ஊரில் இருப்பது சின்ன இடம்தானே" என்று தயங்குகிறவர்களிடம் நாங்கள் தவறாமல் சொல்வோம்.

இரண்டாவது, நாங்குநேரிப் பக்கம் உள்ள கூந்தங்குளம். 1994-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அரசாணைக்கு வெகுகாலம் முன்பே அந்த ஊர் பறவைகளை ஏற்றுக்கொண்டுவிட்டது. மஞ்சள்மூக்கு நாரை குளத்துக் கருவேலத்தில் மட்டுமல்லாமல் தெருவில் வீட்டு வாசல் மரத்திலும் கூடு வைக்கும். கூழைக்கடா, கரண்டிவாயன், குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து எல்லாம் அங்கே உண்டு. தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்ப்பார்கள். இது வெறும் இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம். பறவை நிறைய வந்தால் அந்த ஆண்டு ஊருக்கு நல்லது என்ற நம்பிக்கையும் உண்டு. பயனும் பக்தியும் பழக்கமும் ஒன்றாக முறுக்கிக்கொண்டிருப்பதால்தான் அந்தக் கயிறு அறாமல் இருக்கிறது.

எங்கள் ஊர்க் குளத்தையோ தோப்பையோ அப்படி அறிவிக்கச் செய்ய முடியுமா?

வழிகள் உண்டு. அரசுக்குச் சொந்தமான நிலமானால் 'பாதுகாப்புக் காப்பகம்'. தனியார் நிலம் அல்லது ஊர்ப் பொது நிலமாக இருந்து, உரியவர்கள் தாங்களாகவே முன்வந்தால் 'சமுதாயக் காப்பகம்'. பல்லுயிர்ச் சட்டத்தின்படி 'பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்' என்பது மூன்றாவது வழி. மதுரைப் பக்கம் அரிட்டாபட்டி 2022-இல் அப்படித்தான் அறிவிக்கப்பட்டது.

எந்த வழியானாலும் தொடக்கம் கிராம சபைத் தீர்மானம்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். அன்றைக்குப் போய்ப் பேச வேண்டும். அதற்கு முன்னால், அந்த இடத்தில் ஆடு மேய்ப்பவரிடமும் சுள்ளி பொறுக்குகிறவரிடமும் பேசியிருக்க வேண்டும். அவர்களை விட்டுவிட்டுப் போடும் தீர்மானம் சபை கலைவதற்கு முன்பே பகையாகிவிடும்.

சாலையோர மரத்தை வெட்ட ஆள் வந்துவிட்டது. உடனே என்ன செய்வது?

இயந்திரத்தின் முன்னால் போய் நிற்காதீர்கள். ரம்பத்தோடு வந்திருப்பவர் கூலிக்கு வந்தவர். அவரோடு சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அனுமதி ஆணையின் நகலைக் காட்டும்படி நிதானமாகக் கேளுங்கள். அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். 2021-இலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆணை இல்லை என்றால் கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் அப்போதே தகவல் சொல்லுங்கள். ஆணை இருந்தால் எத்தனை மரம், எந்தெந்த மரம் என்று பாருங்கள். ஐந்துக்கு அனுமதி வாங்கி எட்டைச் சாய்ப்பது புதிதல்ல.

படம் எடுக்கும்போது மரத்தை மட்டும் எடுக்காமல் பக்கத்தில் உள்ள மைல்கல், கடைப்பலகை, மின்கம்ப எண் ஏதாவது ஒன்று தெரியும்படி எடுங்கள். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவைக் கயிற்றால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். "பெரிய மரம்" என்ற மனுவுக்கும் "சுற்றளவு 14 அடி" என்ற மனுவுக்கும் கிடைக்கும் மரியாதை வேறு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு இருக்கிறது.

இத்தனையும் செய்தாலும் நான்குவழிச் சாலைத் திட்டம் வந்துவிட்டால் பெரும்பாலும் தோற்போம். திருநெல்வேலி–தென்காசிச் சாலையின் பழைய நிழலை அறிந்தவர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்று கணக்குச் சொல்வார்கள். அந்தப் பத்து எங்கே நடப்படும், மூன்றாம் கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது நம் வேலை.

பெரிய மரத்தை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் வைக்கலாம் என்கிறார்களே?

ஆல், அரசு, அத்தி போன்றவை தாங்கும். முதிர்ந்த புளியும் மருதமும் தாங்குவது அரிது. சில வாரங்களுக்கு முன்பே சுற்றிலும் அகழி எடுத்துப் பக்கவேர்களைப் படிப்படியாக அறுத்து, புதுச் சல்லிவேர் விட அவகாசம் கொடுக்க வேண்டும். கிளைகளைக் கழித்து, வேர்மண் உடையாமல் சாக்குக் கட்டித் தூக்க வேண்டும். பிறகு ஓராண்டாவது தண்ணீர். நாளைக்குச் சாலை போட வேண்டும் என்று இன்றைக்குப் பிடுங்கி எடுத்துப் போய் ஊன்றுவது மரத்துக்குச் செய்யும் இறுதிச் சடங்குதான். செய்தித்தாளில் மட்டும் அது மறுவாழ்வு என்று வரும்.

இதைவிட எளிய வழியை நம் பெரியவர்கள் வைத்திருந்தார்கள். போத்து நடுவது. சாய்க்கப்படும் ஆல், அரசு, பூவரசு மரத்திலிருந்து கைப் பருமன் உள்ள கிளையை ஆள் உயரத்துக்கு மேல் வெட்டி, மேல்முனையில் சாணி அப்பி, மழைக்காலத்தில் இரண்டு அடி ஆழத்தில் ஊன்றினால் தளிர்க்கும். ஆடு எட்டாத உயரத்தில் தளிர்ப்பதால் கூண்டுச் செலவும் இல்லை. சாலை வேலை தொடங்கும் செய்தி வந்தால் நாங்கள் முதலில் கேட்பது இந்தக் கிளைகளைத்தான்.

பட்டா நிலத்தில் உள்ள மரத்தை உரிமையாளர் வெட்டினால்?

பொதுவாக அது அவர் உரிமை. பனை விதிவிலக்கு: மாநில மரமான அதை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையின்போது அறிவிக்கப்பட்டது. சந்தனத்துக்குத் தனி விதிகள் உண்டு. மற்றவற்றுக்குப் பேச்சுதான் வழி. மகள் கல்யாணத்துக்காகப் புளியமரத்தை விற்கிறவரிடம் சூழலியல் பேசுவது அநாகரிகம். அந்தப் பருவப் புளியை நல்ல விலைக்கு எடுக்க ஆள் பிடித்துக் கொடுத்தால் சில நேரம் மரம் தப்பும்.

ஆணி பிடுங்குவதெல்லாம் ஒரு வேலையா?

ஆம். மரம் உயர்வது நுனியில். அடிமரம் பக்கவாட்டில் மட்டுமே பருக்கும். ஆகவே இன்று மார்பு உயரத்தில் அடித்த ஆணி இருபது ஆண்டு கழித்தும் அதே உயரத்தில், மரத்துக்குள் புதைந்து கிடக்கும். அந்தத் துளை வழியாகப் பூஞ்சையும் அழுகலும் உள்ளே போகின்றன. டியூஷன் பலகை, மூலம் பவுத்திரம் பலகை, அரசியல் வாழ்த்து என்று ஒரே வேம்பில் நாற்பது ஆணிகூட இருக்கும். பாதி விழுங்கப்பட்ட ஆணியைத் தோண்டி எடுக்காதீர்கள், காயம் பெரிதாகும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் கடப்பாரை நுனியால் அல்லாமல் ஆணி பிடுங்கியால் நேராக இழுங்கள்.

ஆணியைவிடக் கொடியது கான்கிரீட். தூரை ஒட்டித் தளம் போட்டால் வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாது. பேவர் கல் பதிக்கும்போதே போய், சுற்றிலும் மூன்று அடியாவது மண்ணாக விடச் சொல்ல வேண்டும். போட்ட பிறகு உடைக்கக் கேட்டால் யாரும் உடைக்கமாட்டார்கள்.

சாஸ்தா கோயில் மரங்களில் நமக்கென்ன வேலை? சாமியே பார்த்துக்கொள்ளாதா?

இத்தனை தலைமுறை பார்த்துக்கொண்டது. குளத்தங்கரையிலும் ஓடைக்கரையிலும் உள்ள சாஸ்தா கோயில்களைச் சுற்றி, ஊரில் வேறெங்கும் காணாத மரங்களும் கொடிகளும் நிற்பதற்குக் காரணம், அங்கே சுள்ளி ஒடிக்கக்கூட ஊரார் பயந்ததுதான். பங்குனி உத்திரத்துக்குச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து பொங்கல் வைத்துப் போகிறார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வசதி வந்த பிள்ளைகள் குலதெய்வத்துக்கு ஏதாவது செய்ய நினைக்கிறார்கள். முதலில் தகரக் கொட்டகை, அடுத்து டைல்ஸ் தளம், பிறகு கார் நிறுத்த இடம், கடைசியில் அன்னதான மண்டபம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மரம் போகிறது. வேர் பாயும் என்று அரசை வெட்டுகிறார்கள், இலை விழுகிறது என்று வாகையை வெட்டுகிறார்கள். வெயிலில் தகிக்கும் தரையில் நடக்கச் சாக்கு விரித்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைச் செய்வதில்லை. பக்தியால் அழியும் தோப்பை மீட்பதுதான் இருப்பதிலேயே கடினம்.

சட்டம் பேசினால் இங்கே எடுபடாது. கோயில் வரி வசூலிக்கும் குடும்பத் தலைக்கட்டுகளோடு உட்கார்ந்து, "மண்டபத்தை எங்கே போட்டால் மரம் தப்பும்?" என்று வரைபடத்தோடு பேசுவோம். நன்கொடைப் பலகையில் 'இந்த இலுப்பையைக் காப்பவர் இன்னார் குடும்பம்' என்று எழுத இடம் விடச் சொல்வதும் ஓரிடத்தில் பலித்திருக்கிறது. பேர் ஆசையைக் குறை சொல்ல நாங்கள் யார்?

பெருங்கோயில்களின் தலமரங்களுக்கு இந்த ஆபத்துக் குறைவு. நெல்லையப்பர் கோயிலுக்கு மூங்கில், குற்றாலத்துக்குக் குறும்பலா, ஆழ்வார்திருநகரிக்கு உறங்காப்புளி என்று அவற்றின் பெயர் எல்லாருக்கும் தெரியும். பெயர் தெரியாத குளத்தங்கரை மரத்துக்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

பனை விதை எப்போது, எப்படி ஊன்றுவது?

ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். விதையைச் சேர்த்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஓர் அடி ஆழத்தில், பத்தடிக்கு ஒன்றாக ஊன்றலாம். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. பனை முதலில் கீழ்நோக்கித்தான் வளரும். இலை பிறகுதான் எட்டிப் பார்க்கும். ஆணா பெண்ணா என்று பூக்கும்வரை தெரியாது, அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும்.

பன்றியும் மனிதனும்தான் எதிரிகள். தைப்பொங்கலுக்குப் பனங்கிழங்கு வேண்டுமே! நீங்கள் ஊன்றிய வரிசையை மார்கழிக் கடைசியில் யாரோ அழகாகத் தோண்டி எடுத்து அவித்துத் தின்றிருப்பார்கள். கோபப்பட்டுப் பயனில்லை. பக்கத்திலேயே நெருக்கமாக ஒரு கிழங்குப் பாத்தி போட்டு, "இது உங்களுக்கு, அது குளத்துக்கு" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

விதை ஊன்றுவதைவிட முக்கியமானது ஏறுவதற்கு ஆள். பனையேறி இல்லாத ஊரில் நிற்கும் பனை செங்கல் சூளைக்குப் போகிறது. உடன்குடிக் கருப்பட்டியை விலை கொடுத்து வாங்குவதும் பனை காக்கும் வேலைதான். மலிவாகக் கிடைக்கும் சர்க்கரைக் கலப்படத்தை வாங்காதீர்கள்.

எங்கே என்ன மரம்?

ஆற்றங்கரையில் மருதம், நாவல், புங்கன், புன்னை. குளத்தின் உள்வாயில் நாட்டுக் கருவேலம். கரையின் வெளிச்சரிவில் பனை. வறண்ட பரும்பு நிலத்தில் வேம்பு, உசிலை, வாகை, மஞ்சணத்தி, குடைபோல் விரியும் உடைமரம். தேரியில் பனையும் கொல்லாமரமும். குற்றாலம், பாபநாசம் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் நடலாம். மற்ற இடங்களில் ஐப்பசிக்குக் காத்திருங்கள். பெரும்பாலான ஊர்களுக்கு மழை என்பது ஐப்பசி, கார்த்திகைதான்; சுற்றுச்சூழல் நாள் என்று ஜூன் 5-ஆம் தேதி காயும் காற்றில் கன்று நட்டுச் சாகடிக்க வேண்டாம். வெளிநாட்டு மரமான கோனோகார்ப்பஸ் கேட்டு வருகிறவர்களுக்கு எங்களிடம் கன்று இல்லை.

சீமைக் கருவேலத்தை ஒழிக்க வருவீர்களா?

வருவோம், ஆனால் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான். நாட்டு மரம் இல்லாத குளங்களில் கொக்கும் நீர்க்காகமும் அதன்மேல்தான் கூடு வைக்கின்றன. பறவைக்கு அந்த மரத்தின் பூர்விகம் ஒரு பொருட்டல்ல. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் பெயர்க்காமல், ஒரு பகுதியை எடுத்து அங்கே நாட்டுக் கருவேலம் வந்த பிறகு அடுத்த பகுதி என்று போக வேண்டும். வேரோடு எடுக்காவிட்டால் அடுத்த மழைக்கு இரட்டிப்பாகத் துளிர்க்கும்.

மரம் சரி. பொத்தை, தேரி, ஆற்று மணல், இவையெல்லாம் உங்கள் வேலையா?

ஆம். ஊருக்கு அடையாளமே பொத்தை என்று நாங்கள் சொல்லும் பாறைக் குன்றும் அதன் அடிவாரச் சுனையும்தான். மரம் போனால் நட முடியும். பொத்தை கல்குவாரிக்குப் போனால் மிஞ்சுவது பள்ளமும் அதில் தேங்கும் பச்சைத் தண்ணீரும். பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும் முன் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 2006 அறிவிக்கையின்படி, அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னதாகத் தமிழ் நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். யாரும் படிக்காத பக்கத்தில்தான் அது வரும். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு அந்தப் பக்கத்தைப் படிப்பது மட்டுமே பொறுப்பு. எங்களுடைய மிகப் பயனுள்ள உறுப்பினர் அவர்தான் என்று சொன்னால் இளைஞர்கள் நம்புவதில்லை.

காட்டுக்குள் வந்து வேலை செய்யலாமா?

நினைத்த மாத்திரத்தில் முடியாது. களக்காடு முண்டந்துறை 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக ஆனது. வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். ஆடி அமாவாசையில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் திரளும்போது, பிளாஸ்டிக்கைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைக்கவும், முடிந்தபின் குப்பை பொறுக்கவும் ஆள் தேவைப்படும். பாபநாசத்தில் பக்தர்கள் ஆற்றில் விட்டுப்போகும் துணிகளை இழுத்துக் கரையேற்றும் வேலையும் உண்டு. நனைந்த துணியின் கனம் அன்றைக்குத்தான் தெரியும்.

நான் வெளியூரில் வேலை பார்க்கிறேன். என்ன செய்ய முடியும்?

ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். மணிமுத்தாறு அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையமும் உள்ளூர் இயற்கை ஆர்வலர்களும் 2011 முதல் நடத்தி வருகிறார்கள். பொங்கல் விடுப்பை அதற்கேற்ப நீட்டிக்கொண்டால் ஒரு நாள் வரலாம். பறவை தெரியாதவர்களுக்கு எழுதும் வேலை கொடுப்பார்கள். பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வருகிறவர்கள் தங்கள் சாஸ்தா கோயில் மரங்களைப் படமெடுத்து வைத்தால், அடுத்த ஆண்டு எது குறைந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை வரும்.

பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வேம்பை வெட்டச் சொல்கிறார். இலைக்குப்பை விழுகிறதாம்.

அவர் சொல்வது உண்மைதான், விழும். வாரம் ஒருமுறை அவர் வாசலையும் நீங்களே பெருக்கிவிடுங்கள். அவர் கூரைமேல் சாயும் கிளையைக் கழித்துவிடுங்கள். ஆனால் ஒரே பக்கமாகக் கழித்தால் எடை மாறி, காற்றில் மரம் மறுபக்கம் சாயும். இருபுறமும் அளவாகக் கழிக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

பணம் தரலாமா?

வேண்டாம். கம்பிக்கூண்டு, சாக்கு, தண்ணீர் லாரி என்று பொருளாகத் தாருங்கள்.

முதல் நாள் என்ன கொண்டு வர வேண்டும்?

பழைய சட்டை, தொப்பி, தண்ணீர், அளப்பதற்கு ஒரு கயிறு, பேனா, நோட்டு. செல்ஃபி எடுக்க விரும்பினால் வேலை முடிந்த பிறகு, பதினொரு மணிக்கு மேல். காலை ஆறரைக்குத் தொடங்கிவிடுவோம். வெயில் ஏறுவதற்குள் முடிப்போம். முதல் ஞாயிற்றுக்கிழமை உங்களை எந்த மரத்திடமும் அனுப்பமாட்டோம். அந்த ஊர் டீக்கடையில் உட்காரவைப்போம். யார் எந்த மரத்தைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.